புயல் தள்ளாது, தூக்கும்: வீட்டைத் தயார் செய்வது என்றால் என்ன?

வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்று செய்தி வந்த அன்று சாயங்காலமே எங்கள் ஊர்க் கடைகளில் பால் பாக்கெட், பிரெட், மெழுகுவர்த்தி மூன்றும் காலியாகிவிடும். "எல்லாம் வாங்கி வெச்சாச்சு, புயல் வந்தா வரட்டும்" என்பார்கள். தப்பில்லை, ஆனால் அது வயிற்றுக்கான ஏற்பாடு. வீடு நேற்று எப்படி நின்றதோ இன்றும் அப்படியேதான் நிற்கிறது.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் இருந்த என் சித்தப்பா முந்தின நாளே தன் தகரக் கூரை மேல் கருங்கல்லும் பழைய டயரும் ஏற்றி வைத்திருந்தார். காற்று தள்ளும், கனம் வைத்தால் தள்ளாது என்பது அவர் கணக்கு. விடிந்து பார்த்தால் கல் எல்லாம் கூடத்துக்குள் கிடந்தது, தகரம் மட்டும் அடுத்த முந்திரித் தோப்பில். காற்று தள்ளியிருந்தால் கல்லும் கூடவே போயிருக்க வேண்டும். கல்லைக் கீழே போட்டுவிட்டுத் தகரத்தை மட்டும் எடுத்துப்போனது எப்படி?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி தண்ணீரைப் பற்றியது.

கூரை எப்படிப் பறக்கிறது

பைக்கில் போகும்போது பெரிய லாரி ஒன்று வேகமாக உரசிக் கடந்தால் நம்மைத் தள்ளுவதற்குப் பதிலாகத் தன் பக்கம் இழுப்பது போல இருக்கும், கவனித்திருப்பீர்கள். ஓடும் பேருந்தில் ஜன்னல் திரை உள்ளே வராமல் வெளியே போய்ப் படபடக்கும். வேகமாக ஓடும் காற்றை ஒட்டிய இடத்தில் அழுத்தம் குறைந்துபோகிறது, பக்கத்தில் அசையாமல் இருக்கும் காற்று அந்தப் பக்கமாகப் பொருளைத் தள்ளுகிறது, நமக்கு அது இழுப்பது மாதிரி தெரிகிறது.

கூரையில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். புயல் காற்று முதலில் சுவரில் மோதுகிறது. போக வழியில்லாமல் மேலே ஏறுகிறது. கூரையின் விளிம்பைத் தாண்டும்போது அந்த வேகத்தில் சட்டென்று வளைந்து கூரையோடு ஒட்டிப் போக முடியாது, விளிம்பிலிருந்து பிய்த்துக்கொண்டு மேலே பாய்கிறது. பாய்ந்த காற்றுக்கும் கூரைக்கும் நடுவே அழுத்தம் குறைந்த ஒரு பகுதி உண்டாகிறது. வீட்டுக்குள் இருக்கும் காற்று சாதாரண அழுத்தத்தில் கீழேயிருந்து முட்டுகிறது. மேலே குறைவு, கீழே அதிகம், அதனால் கூரை எழும்புகிறது. இதைத் தூக்கு விசை என்போம்.

விளிம்பிலும் மூலையிலும்தான் இது மிகக் கடுமையாக இருக்கும். அதனால்தான் பறந்த கூரைகளில் முதலில் கழன்றது பெரும்பாலும் ஓரத்துத் தகடாக இருக்கும். ஓரம் ஒன்று எழும்பினால் போதும், மேலே இருந்த கல் சரிந்து உள்ளே விழும், கனம் இழந்த தகரம் காற்றாடி மாதிரி போய்விடும். சித்தப்பா வீட்டில் நடந்தது அதுதான்.

எவ்வளவு பலமாகத் தூக்கும்? கட்டடப் பொறியாளர்கள் போடும் கணக்கு ஒன்று இருக்கிறது, சூத்திரம் நமக்கு வேண்டாம், விடை மட்டும் போதும். 50 கி.மீ. வேகக் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 12 கிலோ எடைக்குச் சமம். 100 கி.மீ. என்றால் 24 அல்ல, சுமார் 47 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். 140 கி.மீ. என்றால் 90 கிலோவைத் தாண்டிவிடும். ஒரு சதுர மீட்டர் தகரத்தின் எடையோ ஐந்து கிலோ அளவுதான். செய்தியில் "மணிக்கு 80 முதல் 90 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 100 கி.மீ. வேகத்திலும்" என்று வாசிக்கும்போது நாம் 80-ஐத்தான் பிடித்துக்கொள்கிறோம். கூரையைக் கழற்றுவது அந்த "இடையிடையே".

ஆக, கூரைக்கு வேண்டியது கனமல்ல, பிடிப்பு. தகடு குறுக்குப் பைப்பை விடக் கூடாது, பைப் சுவரை விடக் கூடாது, சுவர் அஸ்திவாரத்தை விடக் கூடாது. சங்கிலி மாதிரி, ஒரு கண்ணி விட்டாலும் எல்லாம் போச்சு. நம் ஊரில் பெரும்பாலும் விடுகிற கண்ணி இரண்டாவதுதான்: ஷீட்டுக்கு ஜே போல்ட் எல்லாம் ஒழுங்காக முடுக்கியிருப்பார்கள், ஆனால் அந்தப் பைப் சுவர் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும், இரண்டு பக்கமும் அரைச் செங்கலும் கொஞ்சம் சிமெண்ட் கலவையும் வைத்துப் பூசி முடித்திருப்பார்கள். அதை இரும்புப் பட்டை போட்டுச் சுவருக்குள் இறக்கிப் பிடிக்க வைப்பது ஒரு வெல்டருக்கும் ஒரு கொத்தனாருக்கும் அரை நாள் வேலை. செய்ய வேண்டிய மாதம் ஆகஸ்ட், செப்டம்பர். புயல் கிளம்பிய பிறகு வெல்டர் போனை எடுக்க மாட்டார்.

கடைசி நேரத்தில் செய்யக்கூடியது கயிறு. கூரைக்குக் குறுக்காக இரண்டு பக்கமும் கயிற்றை இழுத்து, தரையில் ஆழமாக அடித்த முளையில் கட்டுவது. கடலோரக் குப்பங்களில் பழைய மீன் வலையைக் கூரை மேல் விரித்து நாலாபக்கமும் கட்டுவார்கள், அது மிக நல்ல யோசனை, ஏனென்றால் வலை ஓரங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. மண் மூட்டை வைத்தே தீருவேன் என்பவர்கள் இரண்டிரண்டாகக் கயிற்றில் கோத்து, கூரையின் இரு பக்கமும் தொங்கும்படி போடுங்கள். தனிக்கல் வேண்டவே வேண்டாம்.

ஜன்னலைத் திறந்து வைக்கலாமா?

"எதிர் எதிர் ஜன்னலைத் திறந்து வெச்சா காத்து உள்ளே வந்து அப்படியே போயிடும், வீட்டுக்குச் சேதமில்லை" என்று ஒரு யோசனை ஒவ்வொரு புயலுக்கும் வாட்ஸாப்பில் சுற்றும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறு.

தலையணை உறையின் வாயைக் காற்றடிக்கும் பக்கம் பிடித்துப் பாருங்கள், உப்பிக்கொள்ளும். காற்றைப் பார்த்த பக்கம் ஒரு கதவு திறந்தால் வீடும் அப்படித்தான் உப்பும். ஏற்கெனவே மேலேயிருந்து ஒரு விசை கூரையை இழுக்கிறது, இப்போது உள்ளேயிருந்தும் ஒன்று தள்ளுகிறது, இரண்டும் கூட்டாகிவிடும். எதிர்ப் பக்கம் இன்னொரு ஜன்னல் திறந்திருந்தாலும் வந்த காற்று முழுக்க அந்த வழியே சமர்த்தாகப் போய்விடாது. எல்லாக் கதவையும், எல்லா ஜன்னலையும் மூடுங்கள். உள்ளறைக் கதவுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கண்ணாடியில் பெருக்கல் குறி மாதிரி டேப் ஒட்டுவதால் கண்ணாடி உடையாமல் இருக்காது. பறந்து வரும் பொருளிலிருந்து காப்பது வெளிப்பக்கம் அடிக்கும் பிளைவுட் பலகை. பலகை இல்லையா, அந்த அறையில் படுக்காதீர்கள். மொட்டை மாடியில் கிடக்கும் பூந்தொட்டி, துணி காயவைக்கும் ஸ்டாண்டு, உடைந்த நாற்காலி, தளர்ந்த டிஷ் ஆன்டெனா எல்லாம் பக்கத்து வீட்டுக் கண்ணாடிக்கு எறிகணைகள், அவர்களுடையது உங்கள் கண்ணாடிக்கு.

அப்புறம் சின்டெக்ஸ் தொட்டி. காலித் தொட்டியை ஒரே ஆள் தூக்கிவிடலாம், காற்றுக்கு அது பலூன். 1000 லிட்டர் நிரப்பினால் அதன் எடை ஒரு டன். ஒரே வேலையில் இரண்டு லாபம், தொட்டியும் பறக்காது, கரண்ட் போன பிறகு வீட்டில் தண்ணீரும் இருக்கும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா அடித்தபோது டெல்டாவில் மின்கம்பங்கள் லட்சக்கணக்கில் சாய்ந்தன, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்த ஊர்கள் உண்டு. மோட்டாரை நம்பி இருப்பவருக்கு அது தண்ணீரும் இல்லாத வாரம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: காற்று கூரையை மேலே இழுக்கும், திறந்த வீட்டை உள்ளிருந்து உப்ப வைக்கும். எனவே கட்டு, மூடு, தொட்டியை நிரப்பு.

காற்று ஏன் திரும்பி அடிக்கிறது

2016 டிசம்பர் 12, வர்தா. சென்னையில் மதியம் வரை வெறியாட்டம் போட்ட காற்று சாயங்காலம் போல ஓரிடத்தில் சட்டென்று அடங்கியது. புயல் போய்விட்டது என்று தெருவில் இறங்கி விழுந்த மரங்களைச் செல்போனில் படம் எடுத்தவர்கள் நிறைய. கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மறுபடி ஆரம்பித்தது.

வாஷ்பேசினில் தண்ணீரைத் திறந்து விட்டால் ஓட்டையைச் சுற்றிச் சுழலும், நடுவில் காலியாக ஒரு குழி இருக்கும், இல்லையா? புயலும் ஒரு சுழல்தான். நம் பக்கத்துப் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழல்கின்றன. நடுவில் இருக்கும் அந்தக் காற்றில்லாத இடத்துக்குப் பெயர் புயலின் கண். கண் உங்கள் தலைக்கு மேல் வந்தால் அமைதி. அது கடந்து போனதும் சுழலின் மறுபக்கம் உங்களை அடிக்கும், திசை தலைகீழாக இருக்கும். முதல் பாதியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வேர் தளர்ந்த மரத்தை இரண்டாம் பாதி மறுபக்கமாகச் சாய்த்து முடித்துவிடும். அதனால் காற்று சட்டென்று நின்றால் சந்தோஷப்பட வேண்டாம், மெதுவாகக் குறைந்தால்தான் அது போவதாக அர்த்தம்.

இந்தச் சுழலைப் புரிந்துகொண்டால் இன்னொன்றும் புரியும், அது துறைமுகக் கூண்டு. "கடலூரில் 10-ஆம் எண் கூண்டு" என்றால் எல்லோரும் அதைப் பத்துக்குப் பத்து மார்க் மாதிரி படிக்கிறார்கள். 8 வந்தால் கொஞ்சம் ஆபத்து, 9 அதைவிட, 10 உச்சம் என்று டீக்கடையில் விவாதமே நடக்கும். அப்படி இல்லை. 8, 9, 10 மூன்றுமே பெரிய அபாயம்தான், ஒரே தரம். எண் சொல்வது புயல் எந்தப் பக்கம் போகிறது என்பதை: 8 என்றால் துறைமுகம் புயல் பாதைக்கு இடப்பக்கம் இருக்கும், 9 என்றால் வலப்பக்கம், 10 என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும். அதற்குக் கீழே 5, 6, 7 என்று இதே இடம், வலம், நேர் வரிசை, சற்றுக் குறைந்த தரத்துக்கு. 11 வந்தால் புயலின் உச்சம் என்று நினைக்காதீர்கள், எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். இந்தக் கூண்டு கப்பல்களுக்காக ஏற்றப்படுவது, நம் வீட்டுக்கான மதிப்பெண் கிடையாது.

ஆனாலும் பக்கம் முக்கியம். கிழக்கிலிருந்து மேற்காக வரும் புயலில் அதன் வலப்பக்கம் என்பது வடக்குப் பக்கம். அங்கேதான் காற்று கடலிலிருந்து கரையைப் பார்த்து அடிக்கும். சூடான டீயைச் சாசரில் ஊற்றி ஒரு பக்கமிருந்து ஊதுங்கள், எதிர் விளிம்பில் டீ ஏறி நிற்கும். கடலும் அப்படி ஏறும். இதற்குக் கடல் ஏற்றம் என்று பெயர். அது வந்து மோதிவிட்டுத் திரும்பும் அலை கிடையாது, கடல் மட்டமே உயர்ந்து உள்ளே நடந்து வருவது. ஆழம் குறைந்த கடலில் இன்னும் மோசம், தள்ளப்பட்ட தண்ணீருக்குக் கீழே இறங்க இடமில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்ததும், 1977 நவம்பரில் ஆந்திராவின் திவிசீமையில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றதும் முக்கியமாக இந்த ஏற்றம்தான், வெறும் காற்று இல்லை.

கடலை ஒட்டிய தாழ்வான வீட்டுக்கு இதை எதிர்த்துச் செய்யக்கூடிய ஏற்பாடு எதுவும் இல்லை. குடிசை என்றால் கேட்கவே வேண்டாம். பேரிடர் மையத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுவதுதான் அங்கே தயாரிப்பு. "வீட்டை விட்டுட்டு எப்படி வர்றது, திருடு போயிடும்" என்பவர்களைத் திட்ட எனக்கு மனசில்லை, அவர்கள் பயம் நிஜம். ஆடு மாட்டை அவிழ்த்துவிட்டு, பத்திரங்களை எடுத்துக்கொண்டு போங்கள் என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

ஒரு சென்டிமீட்டர் மழை என்பது எவ்வளவு தண்ணீர்?

காற்று போதும், தண்ணீருக்கு வருவோம். மழைக்குச் சிவப்பு எச்சரிக்கை என்றால் பெரும்பாலும் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.-க்கு மேல் எதிர்பார்க்கிறார்கள் என்று அர்த்தம். நிறங்களை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: மஞ்சள், கவனமாக இரு, ஆரஞ்சு, தயாராகு, சிவப்பு, இறங்கி வேலையைப் பார். அதாவது சிவப்பு வந்த பிறகு தயாராக ஆரம்பித்தால் ஒரு படி தாமதம்.

சரி, 20 செ.மீ. என்றால் ஒரு ஜாண் அளவுதானே, அதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி மனையில் 1 செ.மீ. மழை விழுந்தால் சுமார் 2230 லிட்டர். 2024 டிசம்பர் 1 காலை வரையிலான 24 மணி நேரத்தில் ஃபெஞ்சல் புயலால் மயிலத்தில் 51 செ.மீ. பெய்தது. ஒரு கிரவுண்டுக்கு 1 லட்சத்து 13 ஆயிரம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் தண்ணி லாரி ஒன்பதை வரிசையாக நிறுத்தி ஒரு மனைக்குள் கவிழ்த்த மாதிரி. உங்கள் மனைக்கு மட்டுமில்லை, தெருவில் இருக்கும் ஒவ்வொரு மனைக்கும் ஒன்பது லாரி, அது எல்லாம் பள்ளமான மனையைத் தேடி வரும்.

முதலில் மொட்டை மாடியைப் பாருங்கள். தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் வேப்பிலையும் பிளாஸ்டிக் கவரும் அடைத்திருந்தால் கைப்பிடிச் சுவருக்குள் மாடி ஒரு தொட்டியாகிவிடும். 1000 சதுர அடி மாடியில் அரை அடி தண்ணீர் நின்றால் சுமார் 14 டன். கையை விட்டுக் குப்பையை எடுக்க ஐந்து நிமிடம் ஆகும்.

வாசலில் மூட்டை அடுக்கியும் தண்ணீர் எப்படி வந்தது?

2015 வெள்ளத்துக்கும் 2023 மிக்ஜாமுக்கும் பிறகு சென்னையில் கேட்ட புலம்பல்களில் எனக்கு முக்கியமாகப் பட்டது இது: "வாசல்ல மண் மூட்டை போட்டு அடைச்சோம் சார், ஆனா பாத்ரூம்ல இருந்து பொங்கி வந்துடுச்சு."

கொத்தனார் வீடு கட்டும்போது டியூப் லெவல் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை இந்தத் தூணிலும் மறுமுனையை அந்தத் தூணிலும் பிடிப்பார். நடுவில் டியூப் எப்படி வளைந்து கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். உங்கள் கழிவறையும் தெருச் சாக்கடையும் அந்த டியூபின் இரண்டு முனைகள். தெருவில் மேன்ஹோல் மூழ்கித் தண்ணீர் இரண்டடி ஏறிவிட்டால், உங்கள் பாத்ரூம் தரை அந்த மட்டத்துக்குக் கீழே இருக்கும்வரை, வாசலில் நீங்கள் சீனப் பெருஞ்சுவரே கட்டினாலும் தண்ணீர் குழாய் வழியாக உள்ளே வந்தே தீரும். இதைப் பின்னோட்டம் என்பார்கள். அது வெறும் மழைத் தண்ணீரும் இல்லை.

நிரந்தரத் தீர்வு, வெளியே போகும் கழிவுக் குழாயில் ஒரு நான் ரிட்டர்ன் வால்வு. போர் மோட்டாருக்குப் போடுவார்களே, அதே தத்துவம்: ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு. கழிவுக் குழாய்க்கென்றே பெரிய அளவில் கிடைக்கிறது. தரைத்தளத்தில் இருப்பவர்கள் பிளம்பரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள், அதில் குப்பை சிக்காமல் வருடம் ஒருமுறை சுத்தமும் செய்யுங்கள், சிக்கினால் அந்தக் கதவு மூடாது. தற்காலிகத் தீர்வு, கழிவறைக் கோப்பைக்குள் பெரிய பிளாஸ்டிக் பையில் மண்ணோ தண்ணீரோ நிரப்பி அழுத்தி வைப்பது, பாத்ரூம் ஜாலி ஓட்டையைத் துணியால் அடைத்து மேலே கனமாக எதையாவது வைப்பது. முழுக்க நிற்காது, ஆனால் மெதுவாகும், நகையையும் பத்திரத்தையும் பரணில் ஏற்ற நேரம் கிடைக்கும்.

வாசல் மூட்டைக்கும் ஒரு முறை இருக்கிறது. பையை முட்ட நிரப்பக் கூடாது, பாதிக்குச் சற்று மேல் போதும், அப்போதுதான் ஒன்றின் மேல் ஒன்று அமுங்கி இடைவெளி அடையும். முதலில் தார்பாய் விரித்து, அதன் மேல் செங்கல் வரிசை மாதிரி மாற்றி மாற்றி அடுக்க வேண்டும்.

காம்பவுண்டு சுவர் பற்றி ஒரு எச்சரிக்கை. வெளியே ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்று உள்ளே காய்ந்திருந்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அரை டன் தள்ளுகிறது. பத்து மீட்டர் சுவருக்கு ஐந்து டன். வெளியே நிற்பது குட்டையா ஏரியா என்பது பொருட்டே இல்லை, உயரம் மட்டும்தான் கணக்கு. ஒற்றைச் செங்கல் சுவருக்கு அந்தத் தெம்பு கிடையாது. அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் கேட்டைத் திறந்துவிடுவதே உத்தமம், இரண்டு பக்கமும் ஒரே மட்டமானால் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. சுவர் ஓரமாக நிற்காதீர்கள், படுக்காதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: அது மட்டம் தேடும், வாசல் அடைந்தால் குழாயில் வரும், தடுத்தால் சுவரைத் தள்ளும்.

மெயினை இறக்கினால் கரண்ட் போய்விட்டதா?

இல்லை, வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால். இது பலருக்குத் தெரிவதில்லை. மெயின் சுவிட்சை இறக்கியதும் இன்வெர்ட்டர் என்ன நினைக்கும்? கரண்ட் கட் ஆகிவிட்டது, நாம் வேலையை ஆரம்பிப்போம் என்று பேட்டரியிலிருந்து அதே வயர்களுக்கு அதே 230 வோல்ட்டை அனுப்பும். தண்ணீருக்குள் இருக்கும் பிளக் பாயிண்டுக்கும் சேர்த்து. எனவே மெயினை இறக்கிய கையோடு இன்வெர்ட்டரையும் அணையுங்கள். இரண்டையும் தண்ணீர் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே செய்ய வேண்டும், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு மெயின் போர்டைத் தொடக் கூடாது. தாமதமாகிவிட்டால் தொடாமல் வெளியேறி, மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். மாநிலப் பேரிடர் உதவிக்கு 1070, மாவட்டத்துக்கு 1077. போனில் மட்டும் வைக்காமல் சுவரிலும் எழுதி வையுங்கள், போன் செத்துப்போகும் நாளில்தான் எண் தேவைப்படும்.

"எம்.சி.பி. இருக்கே, அது டிரிப் ஆகிடுமே" என்பது இன்னொரு நம்பிக்கை. எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. அதிகக் கரண்ட் ஓடி வயர் சூடாகும்போதுதான் அது விழும், மனிதனைக் கொல்ல அதில் மிகச் சிறு பங்கே போதும். ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்கிற வேறு கருவி. அது கடைக்காரர் ராத்திரி கல்லா பார்ப்பது மாதிரி, வெளியே போன கரண்ட்டும் திரும்பி வந்த கரண்ட்டும் சரிக்குச் சரி இருக்கிறதா என்று சதா எண்ணிக்கொண்டே இருக்கும். கணக்கு உதைத்தால், அதாவது யாரோ ஒருவர் உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ கொஞ்சம் தரைக்குப் போனால், 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்குள் கண்ணிமைக்கும் நேரத்தில் அறுத்துவிடும். அதில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும், மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அது சுவரில் மாட்டிய பொம்மை. விழுகிறது என்பதற்காக வெள்ளத்தில் மெயினை இறக்காமல் விட்டுவிடவும் வேண்டாம்.

சமையலறையில் இன்னொரு ஆச்சரியம்: முழு கேஸ் சிலிண்டர் மிதக்கும். இரும்பு சுமார் பதினைந்து கிலோ, கேஸ் 14.2 கிலோ, ஆக 30 கிலோ அளவு. ஆனால் அந்த உருளை அடைத்துக்கொள்ளும் இடம் 35 லிட்டர் தண்ணீருக்குச் சமம், அதாவது 35 கிலோ. தன் எடையைவிட அதிகத் தண்ணீரை ஒதுக்கும் எதுவும் மிதக்கும். அது மிதந்து கிளம்பும்போது டியூபையும் ரெகுலேட்டரையும் இழுத்துக்கொண்டு போகும், கேஸ் கசியும். ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, நிற்க வைத்தபடியே ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். ஃபிரிட்ஜும் மிதந்து கவிழும், அதைக் கட்டுவது கஷ்டம், முடிந்தால் மேசை மேல் ஏற்றலாம்.

தண்ணீர் வடிந்த பிறகு

இங்கேதான் அவசரப்பட்டு அடிபடுகிறார்கள். பிளக் பாயிண்ட் வரை நனைந்த வீட்டில் எலெக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினை ஏற்றக் கூடாது. மோட்டார், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எதுவும் வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். சம்ப்பில் வெள்ளத் தண்ணீர் புகுந்திருந்தால் அது எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் சாக்கடைத் தண்ணீர்தான், இறைத்துக் கொட்டிக் கழுவ வேண்டும், அதுவரை குடிக்க மேல்தொட்டித் தண்ணீரைக் காய்ச்சி வைத்துக்கொள்ளுங்கள். துணி மூட்டையையும் ஷூவையும் குச்சியால் தட்டிவிட்டு எடுங்கள், பாம்புக்கும் அன்று வீடு போயிருக்கும்.

நிவாரணத்துக்கோ இன்சூரன்ஸுக்கோ கேட்பதாக இருந்தால், கழுவுவதற்கு முன்னால் சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி ஒவ்வொரு அறையையும் படம் எடுத்துவிடுங்கள். படம் எடுத்த கையோடு விளக்குமாற்றை எடுங்கள், தெருத் தண்ணீர் முழுக்க வடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஈரமாக இருக்கும்போது சேறு இரண்டு வாளித் தண்ணீரில் போய்விடும், ஒரு நாள் வெயில் காய்ந்தால் கொத்தித்தான் எடுக்க வேண்டும்.